மத்தியானம் மங்கும் மட்கார்டு

"காலையில கண்ணாடி மாதிரி இருக்குது. வெயில் ஏறுனா மங்கிப் போயிடுது. ஏன்னு மட்டும் கண்டுபிடிச்சிச் சொல்லச் சொன்னாரு" என்றாள் செல்வாம்பாள்.

"யாருக்கு மங்குது? உங்க வூட்டுக்காரருக்கா? அப்ப கண்ணு டாக்டருகிட்ட இல்ல போகணும்" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"அவரு கண்ணு நல்லாத்தாம்மா இருக்குது. மங்குறது காரோட மட்கார்டு."

ஸ்டெல்லாமேரி பென்சிலைக் கீழே வைத்தாள். துப்பறியும் சக்கரபாணியிடம் உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து காணாமல் போன சங்கிலியைப் பார்த்திருக்கிறாள், காணாமல் போன கணவனைப் பார்த்திருக்கிறாள், கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு 'ஏன் கண்டுபிடித்தீர்கள்' என்று மனைவியை அழவைத்த கணவனையும் பார்த்திருக்கிறாள். மட்கார்டு இதுதான் முதல் தடவை.

சக்கரபாணி உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். வெளியே ஐப்பசி மாதத்து மேகம் கடலுக்கு மேல் குவிவதும் கலைவதுமாக இருந்தது. இப்படிப்பட்ட நாட்களில் அவருக்கு இருப்பு கொள்ளாது.

"உன் புருஷன் எங்கம்மா இருக்காரு?"

"போலீசு ஸ்டேஷன்ல." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "இன்னிக்குச் சாயங்காலம் கோர்ட்டுல நிறுத்திடுவாங்களாம். நான் அழுவுறேன், அந்த மனுசன் கம்பிக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு மட்கார்டு ஏன் மங்குதுன்னு கேக்குறாரு சார்!"

விஷயம் இதுதான். அவள் கணவன் கலியமூர்த்தி, நெல்லித்தோப்புக்காரர், சூசைநாதன் முசே வீட்டு டிரைவர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளிலிருந்து புதுச்சேரியில் பெரிய மனிதர்களை 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள். முசே வியட்நாமின் சைகோனில் கோர்ட்டு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பிள்ளைச்சாவடி ரோட்டில் அன்னக்கிளி என்ற மீன்காரியை ஒரு கறுப்புக் கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் முறிந்து அவள் ஆசுபத்திரியில் கிடக்கிறாள். முசேயின் கார் கறுப்பு. அதோடு, சனிக்கிழமையிலிருந்து கலியமூர்த்தி அந்தக் காரின் இடது பக்க முன் மட்கார்டை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்ததை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். தடயத்தை அழிக்கிறான் என்று போலீஸ் பிடித்துக்கொண்டது.

"வெள்ளிக்கிழமை உன் புருஷன் எங்க இருந்தாரு?" என்று சக்கரபாணி கேட்டார்.

"முசே சீக்கிரமா வூட்டுக்கு அனுப்பிட்டாரு. எங்கூடத்தான் இருந்தாரு. பொண்டாட்டி சாட்சி செல்லாதுன்னுட்டாங்க."

சக்கரபாணி குடையை எடுத்துவிட்டார். "வா ஸ்டெல்லா. அந்த ஆளு சரியான கேள்வியத்தான் கேக்குறாரு. அதுக்குப் பதில் தெரிஞ்சா மத்ததும் தெரிஞ்சிடும்."

"மட்கார்டு ஏன் மங்குதுன்னா?"

"தப்பு பண்ணுனவன் எப்படி மாட்டுனேன்னு கேப்பான். ஏன் மங்குதுன்னு கேக்க மாட்டான்."

போலீஸ் ஸ்டேஷனில் கலியமூர்த்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கை கம்பியையும் சும்மா விடவில்லை. சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை காலையில என்ன பாத்தீங்க?"

"மட்கார்டு பிசுபிசுன்னு இருந்துச்சி சார். கழுவி, என் மெழுகப் போட்டேன். பளபளன்னு ஆயிடுச்சி. வெயில்ல நிறுத்தினேன், ஆவி புடிச்ச கண்ணாடி மாதிரி ஆயிடுச்சி. தூசி வேற அப்புது. ஞாயித்துக்கிழமையும் அதே கதை. பானெட்டு மங்கல, கூரை மங்கல, அது ஒண்ணு மட்டும் மங்குது. பதினஞ்சு வருஷமா கார் துடைக்கிறேன், இப்படிப் பாத்ததே இல்ல."

"நீங்க எப்படித் துடைப்பீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

கலியமூர்த்தியின் முகம் லாக்கப்பை மறந்தது. "மொதல்ல தண்ணி சார். மேலேந்து கீழ. கூரை, பானெட்டு, கடைசியிலதான் மட்கார்டு. கீழதான மண்ணு அதிகம்? கீழ தொட்ட துணிய மேல கொண்டுபோனா அந்த மண்ணு பெயிண்டைக் கீறிடும்."

"எங்க வூட்டுல தலைக்கே இவ்வளவு கவனிப்பு கிடையாது" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"அப்புறம் நிழல்ல நிறுத்தி ஈரம் போகத் துடைக்கணும். தகடு சூடா இருந்தா ஒண்ணும் பூசக்கூடாது. பெயிண்டு வெளிறியிருந்தா மட்டும் பாலிஷு. பாலிஷு தேய்க்கிறதுக்கு, மெழுகு மூடுறதுக்கு. நிறையப் பேரு ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிக்கிறாங்க. மெழுகு கொஞ்சூண்டு, துணியில பட்டும் படாம, நேர் கோடாப் பூசணும். வெள்ளையாக் காயும். காஞ்சதும் வேற துணியால எடுத்துடணும். இடுக்குல நிக்கிற வெள்ளைய ஈர்க்குல துணி சுத்தி நோண்டி எடுத்துடுவேன். என் வண்டியில வெள்ளை நிக்காது சார்."

"அந்த மட்கார்டு இடுக்குல?"

"பாத்தேன். வெள்ளை இல்ல."

சக்கரபாணி அந்த மூன்று சொற்களையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைப்போலத் தலையசைத்தார்.

பக்கத்து மேசையிலிருந்து இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். "கார் கழுவுற பாடம் முடிஞ்சிதா? சாவி இவன்கிட்டதான் இருந்துதுன்னு முசேயே சொல்லிட்டாரு. சாயங்காலம் வண்டியையும் எடுத்துக்கிட்டு வந்துடுவோம்."

சூசைநாதன் முசேயின் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சக்கரபாணி வானத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். இரண்டு தடவை சைக்கிளில் மோதப் பார்த்தார்.

"சார், மேகத்துல குற்றவாளி இல்ல. ரோட்டப் பாருங்க."

"வெயில் வேணும் ஸ்டெல்லா. வெயில் இல்லன்னா மட்கார்டு வாயைத் திறக்காது."

வீட்டு வாசலில் முசேயின் தங்கை மகன் பிரான்சுவா நின்றிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் பளபளவென்ற மோட்டார் சைக்கிள் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லாமேரி அவனைப் பார்த்த கணமே வழக்கை முடித்துவிட்டாள்.

"இவன்தான் சார்" என்று கிசுகிசுத்தாள். "சாவி சுத்துற ஸ்டைலைப் பாருங்க. மாமா கார எடுத்துக்கிட்டு ஊர் சுத்தியிருப்பான்."

"சாவி சுத்துறது குற்றம்னா பாதிப் புதுச்சேரி உள்ள இருக்கணும்."

கூடத்தில் முசே பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை, தடித்த கண்ணாடி, கையில் தடி. தடியின் நுனி தரையில் டொக் டொக்கென்று ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தது. அவருக்குப் பின்னால் சைகோனிலிருந்து கப்பலில் வந்த எழுதுமேசை. அதில் ஸ்டெல்லாமேரியின் முகம் தெரிந்தது, மூக்கு கொஞ்சம் நீளமாக.

"அழகான மேசை" என்றார் சக்கரபாணி.

"மெர்சி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சி வந்ததும் நானே துடைப்பேன். வேற யாரையும் தொட விட மாட்டேன்." தட்டல் ஒரு கணம் நின்று மீண்டும் தொடங்கியது. "கலியமூர்த்தி நல்லவன்தான். ஆனா சாவி அவன்கிட்டதானே இருந்தது?"

"நீங்க வண்டி ஓட்டுறது இல்லீங்களா முசே?"

"கண்ணுல புரை. டாக்டரும் இவனும் சேர்ந்து என்னைப் பின் சீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்று மருமகனைத் தடியால் சுட்டினார்.

பிரான்சுவாவும் சக்கரபாணியும் காரைக் கொட்டகையிலிருந்து முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேகம் மறைத்திருந்தது. மட்கார்டு மற்ற பாகங்களைப்போலவே மின்னியது. எல்லோரும் காத்திருந்தார்கள். ஸ்டெல்லாமேரி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பிரான்சுவா சாவியைச் சுழற்றினான். உள்ளே தடி தட்டியது. சக்கரபாணி காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

பிறகு மேகம் விலகியது. வெயில் முற்றத்தில் கொட்டியது.

பானெட்டில் மாற்றமில்லை. மட்கார்டில் முதலில் ஓர் ஓரம் மங்கியது. அந்த மங்கல் மெல்லப் பரவி, வியர்த்த முதுகைப்போல மட்கார்டு முழுவதையும் பிடித்துக்கொண்டது. காற்றில் வந்த தூசி அதில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தது.

சக்கரபாணி பானெட்டில் விரலை வைத்து எடுத்தார். தடம் இல்லை. மட்கார்டில் வைத்து எடுத்தார். ரேகை பதிந்தது.

"நல்ல கார் மெழுகு வெயில்ல இளகாது. அதுக்காகவே கெட்டி மெழுகு கலந்து காய்ச்சுறாங்க. இது இளகுது. அடியில மெத்து மெத்துன்னு வேற ஏதோ இருக்குது. கலியமூர்த்தி தன் மெழுகை அதுக்கு மேல போட்டிருக்காரு. சேத்துமேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. ஸ்டெல்லா, ஈர்க்கு!"

அவள் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கொடுத்தாள். மட்கார்டு காரின் உடம்போடு சேரும் இடுக்கில் அவர் அதை விட்டு நெம்பினார். கறுப்புக் காரில் கண்ணுக்கே தெரியாத கரும்பழுப்பு நிறத்தில், பிசின் போன்ற ஒரு திரி வெளியே வந்தது.

"வெள்ளைய மட்டும் தேடுன மனுசனுக்கு இது எப்படிங்க தெரியும்?" என்றாள் ஸ்டெல்லாமேரி. அதை வாங்கி முகர்ந்தாள். முகர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "சார், இது அங்கோஸ்திக்."

"என்னது?"

"மேசை மெழுகு சார். தேன்மெழுகும் டர்பன்டைனும் போட்டுச் செய்வாங்க. வகுப்புல பேசுனா கன்னியாஸ்திரி அம்மா இதைக் கொடுத்து பெஞ்சைத் தேய்க்கச் சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துலயே பளபளப்பான பெஞ்சு என்னோடதுதான்."

சக்கரபாணி அந்தத் திரியை விரல்களுக்கிடையே நசுக்கினார். நசுங்காத ஒன்று உள்ளே இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தார். விரல் நகத்தில் பாதியளவு. வட்டமாக, மெல்லியதாக, வெள்ளி போல மின்னியது.

மீன் செதில்.

பிரான்சுவாவின் கையில் சுழன்ற சாவி நின்றது. "அப்ப... இடிச்சது நம்ம வண்டிதானா?"

"இந்த வண்டிதான். ஆனா கலியமூர்த்தி இல்ல" என்றார் சக்கரபாணி. "அவரா இருந்தா மெழுகுக்கு முன்னால தண்ணி ஊத்தியிருப்பாரு. மீன் கூடை உரசுன இடத்துல தண்ணி பட்டிருந்தா இந்தச் செதில் அன்னிக்கே சாக்கடைக்குப் போயிருக்கும். இத பூசுனவரு கழுவல. அழுக்கோட, கூடை கீறுன தடத்தோட, மேலயே அப்பிட்டாரு. மறைக்கணும்னு பூசுன மெழுகு சாட்சியப் பத்திரமா மூடி வச்சிருக்குது."

ஸ்டெல்லாமேரி பிரான்சுவாவைப் பார்த்தாள். காரோட்டத் தெரிந்தவன், வீட்டுக்குள் மெழுகு டின் இருக்கும் இடம் அறிந்தவன், மாமாவின் காரை எடுக்கக்கூடியவன். 'சொன்னேனே' என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது.

சக்கரபாணி அதைச் சொல்ல விடவில்லை. காரை மீண்டும் கொட்டகை நிழலுக்குத் தள்ளச் சொன்னார். கலியமூர்த்தியின் பெட்டியிலிருந்து கார் மெழுகு டின்னையும் ஒரு சுத்தமான துணியையும் எடுத்துவந்தார். முசேயையும் கூப்பிட்டார். பிரம்பு நாற்காலி கொட்டகை வாசலுக்கு வந்தது, தடியும் தட்டலோடு வந்தது.

"தம்பி, வலது பக்கத்து மட்கார்டுக்கு ஒரு கை மெழுகு போடுங்க. போலீசு வர்றதுக்குள்ள ஒண்ணு பாக்கணும்."

பிரான்சுவா முகம் வெளுத்துப்போய்த் துணியை வாங்கினான். முதலில் ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து மட்கார்டைக் கழுவினான். காயத் துடைத்தான். பிறகு வேறு துணியை நான்காக மடித்து, மெழுகைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, முன்னிருந்து பின்னாக, நேர் கோடாகப் பூசினான். தகட்டில் மூச்சு பட்டது போன்ற ஒரு படலம். அவ்வளவுதான்.

ஸ்டெல்லாமேரியின் நாக்கு நுனியில் இருந்த வார்த்தை வந்த வழியே திரும்பிப் போயிற்று. "யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"கலியமூர்த்தி அண்ணன்தான். என் மோட்டார் சைக்கிளுக்கு."

தடி தட்டுவது வேகமெடுத்தது. டொக் டொக் டொக். முசே நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். கழுத்தை நீட்டினார். தடித்த கண்ணாடிக்குள் கண்கள் சுருங்கின. பிரான்சுவா இன்னொரு கோடு இழுத்தான், முன்னதைவிட மெல்லியதாக. அதற்குமேல் முசேயால் பொறுக்க முடியவில்லை.

"நோ, நோ! இதென்ன பூச்சு, பிச்சை போடுற மாதிரி? இங்க கொடு!"

எழுந்துவந்து துணியைப் பிடுங்கினார். டின்னில் விரல்களை விட்டு நெய் அள்ளுவதைப்போல அள்ளினார். கழுவாத கதவின்மேல் பட்டென்று அப்பி, வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார். வட்டத்துக்குள் வட்டம். உள்ளங்கையை அழுத்தி, உடம்பைச் சாய்த்து, பல வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மேசையைத் தேய்த்த அதே தோரணை. "நிறையப் பூசணும். அழுத்தித் தேய்க்கணும். அப்பதான் மினுமினுப்பு உள்ள இறங்கும்."

"மரத்துக்கு உள்ள இறங்கும் முசே" என்றார் சக்கரபாணி மெதுவாக. "தகடு ஒண்ணையும் உள்ள வாங்காது. பூசுனதெல்லாம் மேலயேதான் நிக்கும், வெயிலுக்காகக் காத்துக்கிட்டு."

வட்டம் போட்ட கை நின்றது.

"வெள்ளிக்கிழமை திரும்பி வந்ததும் இப்படித்தானே பூசுனீங்க?"

காற்றில் கொட்டகைக் கதவு மட்டும் அடித்துக்கொண்டது.

"மாமா?" என்றான் பிரான்சுவா. "நீங்களா ஓட்டுனீங்க? உங்களுக்கு ரோடே தெரியாதே!"

"நீங்க தேய்ச்ச விதத்த வச்சிக்கிட்டு நான் கோர்ட்டுல ஜெயிக்க முடியாது முசே" என்றார் சக்கரபாணி. "வட்டமா தேய்ச்சாருன்னு எந்த ஜட்ஜும் தண்டனை தர மாட்டாரு. அது உங்களுக்கே தெரியும், கோர்ட்டுல இருந்தவரு. நீங்க உள்ள போய் உக்காந்துக்கலாம். கலியமூர்த்தி சாயங்காலம் கூண்டுல ஏறுவாரு. அங்கேயும் மட்கார்டு ஏன் மங்குதுன்னுதான் கேப்பாரு."

முசே துணியைப் பார்த்தார். மெழுகு ஒட்டிய விரல்களைப் பார்த்தார். நாற்காலியைத் தேடிக் கை துழாவியபோது பிரான்சுவா பிடித்துக்கொண்டான்.

"ஒரே ஒரு தடவை" என்றார். குரல் ஒடுங்கியிருந்தது. "கடலோரமா ஒரு தடவை நானே ஓட்டிப் பாக்கணும்னு அவனை வீட்டுக்கு அனுப்பினேன். பிள்ளைச்சாவடி தாண்டும்போது ஏதோ தட்டுச்சு. கூடைன்னு நெனச்சேன். கூடைதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து தடவிப் பாத்தா பெயிண்டு சொரசொரன்னு இருந்துது. எனக்குத் தெரிஞ்சது அந்த மெழுகு ஒண்ணுதான்." நிமிர்ந்து உட்கார முயன்றார். "சாவி அவன்கிட்ட இருந்துதுன்னு சொன்னப்ப அது வாயிலேந்து தானா வந்துடுச்சு. அதைத் திருப்பி எடுக்கத்தான் தெரியல."

"இப்ப எடுக்கலாம் முசே" என்றாள் ஸ்டெல்லாமேரி. முதல் தடவையாக அவள் குரலில் கேலி இல்லை. "ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்குது. நடந்தே போயிடலாம்."

அவர் எழுந்தார். தடியை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். பிரான்சுவாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. செதிலைப் பார்த்தார், மெழுகுத் திரியை முகர்ந்தார், கடைசியில் முசேயின் முகத்தைப் பார்த்து நம்பினார். வெளியே மழை ஒருவழியாகத் தூற ஆரம்பித்திருந்தது.

"வண்டிய ஓட்டுனது நான். மெழுகு பூசுனதும் நான். கலியமூர்த்தி வண்டியில இல்ல" என்றார் முசே. "எழுதிக்குங்க. எழுதி முடிச்சதும் ஆசுபத்திரிக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அந்த அம்மாகிட்ட இதை நானே சொல்லணும்."

லாக்கப் கதவு திறந்தது. வாசலில் நின்ற செல்வாம்பாள் ஓடிவந்து கணவன் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். கலியமூர்த்தி முசேயை நெடுநேரம் பார்த்தார். கோபம் வந்தது, வாய்வரைக்கும் வந்தது. முசே தலையைக் குனிந்துகொண்டதும் அது அங்கேயே நின்றுவிட்டது. ஸ்டெல்லாமேரியின் பக்கம் திரும்பினார்.

"அது இருக்கட்டும்மா. மட்கார்டு ஏன் மங்குச்சி?"

செல்வாம்பாள் அழுதுகொண்டே தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியில இருந்தது மேசை மெழுகுண்ணே" என்றாள் ஸ்டெல்லாமேரி. "அது வெயில்ல இளகும், தூசியப் பிடிக்கும். மேல நீங்க எவ்வளவு நல்ல மெழுகு போட்டாலும் நிக்காது. வண்டியப் போலீசு திருப்பிக் கொடுத்ததும் மண்ணெண்ணெய் நனைச்ச துணியால அதை முழுசா எடுத்துடுங்க. இடுக்குல இருக்கிற பழுப்பையும் நோண்டி எடுங்க. சோப்புத் தண்ணியில கழுவி, நிழல்ல காயவச்சி, உங்க மெழுக மெல்லிசாப் பூசுங்க. இனிமே மங்காது."